ஆற்றில் விடப்போன வேட்டி

நாகலாபுரத்துக்குத் தெற்கே, பஸ் வந்து திரும்பிப் போகிற கடைசி ஊர்தான் கருத்தையாவின் ஊர். அந்த ஊரிலிருந்து காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். கோவில்பட்டியில் ஹாஸ்டலில் தங்கி வேதியியல் படித்தான். அவனுடைய அக்கா பாண்டியம்மாள் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிக்கொண்டே, தம்பி கண்ணாடிக் குழாயில் தண்ணீரை நீலமாக்கி, அப்புறம் சிவப்பாக்குகிற கதையைச் சொல்லுவாள். கேட்டவர்களுக்கே திரும்பவும் சொல்லுவாள். "ஏட்டி, அந்தத் தண்ணிய என்ன செய்வான், குடிப்பானா?" என்று யாராவது கேலி பண்ணினாலும் அவளுக்கு உறைக்காது.

அந்தச் சித்திரையில் அவர்களுடைய அய்யா உக்கிரபாண்டி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அவர் ஊருணிக் காவல் பார்த்தவர். அது சாதாரண வேலை இல்லை. அந்தப் பக்கம் எந்தக் கிணற்றைத் தோண்டினாலும் உப்பு. மழைக்கு நிறைகிற ஊருணி ஒன்றுதான் ஊருக்கே வாய் நனைக்க. கரையில் ஏறும்போதே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். கடைசிப் படியில் குத்தவைத்து முகந்துகொள்ளலாம். பெருவிரல்கூட நனையக் கூடாது. நனைத்தவன் கோடையில் ஊருணி வற்றும்போது கூடை கூடையாகக் கரம்பை மண் அள்ளிப் போட்டுத் தீர்க்க வேண்டும். அதற்கு ஊர்த் தலைவர் வீட்டுப் பிள்ளையும் ஒன்றுதான், உக்கிரபாண்டியின் பிள்ளையும் ஒன்றுதான். தண்ணீரில் ஒரு சருகு விழுந்தால்கூட, "எடுலே மொதல்ல! யாரு போட்டான்னு அப்புறம் பேசுவோம்" என்பதுதான் அவர் பேச்சு. கருத்தையா நடக்கப் பழகியதே அந்தக் கரையில்தான்.

அவர் போன பிறகு அம்மா பெத்தம்மாள் ராச்சோறு தின்பதில்லை. விளக்கேற்றிச் சோற்றை வட்டிலில் போடுவாள், முற்றத்து வாசலைப் பார்ப்பாள், வட்டிலை மூடி வைத்துவிடுவாள்.

"ஒங்கய்யா முத்தம் வரைக்கும் வாராவ. உள்ள வரமாட்டேங்காவ. அவிய பசியோட நிக்கையில எனக்கு எப்படிட்டி எறங்கும்?"

ஆடி பிறப்பதற்குள் அவள் கையில் கிடந்த செம்புக் காப்பு முழங்கை வரை ஏறி இறங்க ஆரம்பித்தது. பாண்டியம்மாள் பயந்துபோய்க் கோடாங்கியைக் கூட்டிவந்தாள். அவர் உடுக்கை அடித்துப் பார்த்து, "வேட்டி உள்ள இருக்கு, ஆளு வெளிய நிக்கான். ஆடி அமாவாசைக்கு அந்த வேட்டியப் பாபநாசத்து ஆத்துல விட்டுரணும். மகன் தனியாப் போகணும். கூட ஆளு போனா, செத்தவன் அந்த ஆளுகூடவே திரும்பி வந்துருவான்" என்று சொல்லிவிட்டார்.

கோடாங்கி சொல்வதைக் கருத்தையா நம்பினானா என்றால், அவனுக்கே தெரியாது. அம்மா இரண்டு வாய் தின்றால் போதும் என்று கிளம்பினான். பாண்டியம்மாள்தான் எல்லாம் எடுத்துவைத்தாள். அய்யா கடைசியாகக் கட்டியிருந்த நாலு முழ வேட்டியை மஞ்சள் துணியில் முடிந்து, மாற்றுத் துணிக்கும் அதற்கும் நடுவில் செய்தித்தாளை வைத்து, பையின் வாயைச் சணலால் கட்டினாள். "வேட்டிய விட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வரணும்லே. திரும்பிப் பாக்கக் கூடாது, என்ன?" என்று பஸ் கிளம்பின பிறகும் ஜன்னலோடு நடந்துவந்து சொன்னாள்.

பாபநாசத்தில் கூட்டம் சொல்லி முடியாது. மலைப் பக்கம் மழை பெய்திருந்ததால் ஆறு பாதிப் படித்துறையை மூடிக்கொண்டு ஓடியது. அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் அவன் பார்த்தது கிடையாது. அதில் ஆயிரம் பேர் காலோடும் தலையோடும் இறங்கிக் கிடந்தார்கள். சோப்புப் போட்டார்கள், வாய் கொப்பளித்துத் துப்பினார்கள். கருத்தையாவின் கால் தானாகச் செருப்பைக் கழற்றிவிட்டுக் தண்ணீருக்கு மேலே இருந்த கடைசிப் படியில் நின்றுகொண்டது. செம்பில் முகந்து, பின்னால் நாலு படி ஏறிப்போய், தலையில் ஊற்றிக்கொண்டான்.

தர்ப்பணம் பண்ணிவைக்கிற அய்யர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "ஆத்தங்கரைக்கு வந்து செம்பில குளிக்கிற பிள்ளைய இப்பத்தான் பாக்கேன். எந்த ஊரு தம்பி?"

சொன்னான்.

"கரிசக்காடா? அதான். இது வத்தாது தம்பி, எறங்கு, எறங்கு."

முழங்கால் வரைக்கும் இறங்கினான். உடம்பு கூசியது. எள்ளும் தண்ணீரும் விடச் சொன்னார், விட்டான். அய்யா பேர், தாத்தா பேர் எல்லாம் கேட்டார், சொன்னான். "இப்ப அந்த வேட்டிய விட்டுருங்கோ" என்றார். கருத்தையா முடிச்சை அவிழ்த்தான். வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பக்கத்திலேயே யாருடைய சட்டையோ, யாருடைய சேலையோ ஊறிப்போய்ச் சுழன்றுகொண்டிருந்தன. இந்தத் தண்ணீர்தான் சீவலப்பேரியில் ஏறிக் கோவில்பட்டிக் குழாய்க்கு வருகிறது என்று ஹாஸ்டலில் சொல்வார்கள். அவன் குடிக்கிற தண்ணீர்.

"என்ன தம்பி, பின்னால ஆளு நிக்கில்லா?"

அய்யர் வேட்டியை அவன் கையிலிருந்து மெதுவாக வாங்கி ஆற்றில் விட்டார். வேட்டி ஒரு நிமிஷம் அப்படியே விரிந்து மிதந்தது, அப்புறம் நகர்ந்தது.

அடுத்து நடந்ததை எத்தனை தரம் யோசித்தாலும் கருத்தையாவுக்குப் பிடிபடவில்லை. நினைத்துச் செய்யவில்லை. 'எடுலே' என்று யாரோ சொன்னதுபோலக்கூட இல்லை. கை நீண்டது, உடம்பு பின்னாலேயே போய்விட்டது. அவனுக்கு நீச்சல் தெரியாது. அந்த ஊரில் யாருக்குத்தான் தெரியும்? மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறியது. காலுக்குக் கீழே படி இல்லை.

விட்ட துணிகளைத் துரட்டியால் இழுத்துக் கரையேற்றுகிற பரமசிவன் என்கிற ஆள்தான் அதே துரட்டியை அவன் இடுப்பு வேட்டியில் மாட்டி இழுத்துப் போட்டார். கருத்தையாவின் கையில் அய்யாவின் வேட்டி இருந்தது. விரலைப் பிரிக்க முடியவில்லை.

"ஏலே, துணி எடுக்கது எந் தொழிலு. நீ போட்டிக்கு வந்துட்டியோ?" என்றார் பரமசிவன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் இருமி முடிக்கும்வரை முதுகைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, "யாருதுலே?" என்று கேட்டார்.

"எங்கய்யாது."

"அப்ப எதுக்குலே விட்ட? விட்டுட்டு எதுக்குலே எடுத்த?"

அய்யர் தலையில் கைவைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். "இத்தனை வருஷத்துல விடமாட்டேன்னு அழுதவா உண்டு. விட்டத எடுத்தவா கிடையாது. இதுக்கு நான் என்ன பண்ணிவைக்க?" என்றார். திரும்ப விட்டால் சரியாகுமா என்று கேட்டான். "ஒரு தரம் விட்டாச்சே! விட்டத எப்படி இன்னொரு தரம் விட? எனக்குத் தெரியல தம்பி" என்றார்.

ஈரத்தோடு பஸ் ஏறினான். திருப்புடைமருதூரில் பெரியவர்கள் இருப்பார்கள், விவரம் கேட்கலாம் என்று பஸ்ஸில் ஒருவர் சொன்னதால் இடையில் இறங்கிப் போனான். அங்கே ஆறு அகலமாக, சத்தமில்லாமல் போனது. மருத மரத்தடியில் விபூதி விற்றுக்கொண்டிருந்தவர், "எடுத்தது நீ இல்ல, உங்கய்யா போகமாட்டேன்னு உங்கையப் பிடிச்சுக்கிட்டாரு. கொண்டுபோயி வீட்டுல வையி" என்றார். கோயிலுக்குள் இருந்த பட்டரோ, "வீட்டுக்கா? கூடவே கூடாது. ஆத்துல விட்டது விட்டதுதான்" என்றார். அப்படியானால் என்ன செய்ய என்று கேட்டதற்கு, நடை சாத்துகிற நேரம் என்று சாவியை எடுத்துக்கொண்டார்.

திருநெல்வேலிக்கு வந்து குறுக்குத்துறையில் மறுபடியும் முயற்சி பண்ணிப் பார்த்தான். ஆற்றுக்கு நடுவிலேயே முருகன் கோயில். கல்மண்டபத்தில் உட்கார்ந்து வேட்டியை மடியில் வைத்துக்கொண்டான். இரண்டு தரம் கையை நீட்டினான். தண்ணீரில் அழுக்கு விழக் கூடாது என்று எடுத்தானா, அய்யா போகக் கூடாது என்று எடுத்தானா? முதலாவது என்றால் இன்னொரு இடம் பார்த்து, குழி தோண்டியாவது, முடித்துவிடலாம். இரண்டாவது என்றால்? மாதக் கணக்காக அழுகை வரவில்லையே என்று தன்னைப்பற்றியே அவன் சந்தேகப்பட்டதுண்டு. இப்போதும் வரவில்லை. பக்கத்தில் துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "ஏய்யா, அலசணும்னா அலசு. வெறிக்க வெறிக்கப் பாத்துக்கிட்டிருந்தா அழுக்குப் போகுமா?" என்றாள்.

ராத்திரி அந்த மண்டபத்திலேயே கிடந்துவிட்டு, மறுநாள் சாயங்காலம் ஊரில் இறங்கியபோது பாண்டியம்மாள் தீப்பெட்டி ஆபீஸ் வேனிலிருந்து இறங்கி அங்கேயே காத்துக்கொண்டிருந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பையில் ஊறியிருந்த ஈரத்தைப் பார்த்தாள்.

"என்னலே?"

ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் வேப்பமரத்தடிக்கு அவனை இழுத்துக்கொண்டு போனாள்.

"விட்டுட்டேன்னு சொல்லிருவமா அக்கா?"

"சொல்லலாம். வேட்டிய எங்கன கொண்டு ஒளிக்க? நம்ம வீட்டுல அம்மா கையி படாத எடம் எது இருக்கு?"

"நீ வச்சுக்க. ஆபீஸுல..."

"தீப்பெட்டி ஆபீஸுல ஈரத் துணிய வச்சா என்னைய உள்ள விடுவானாலே? படிச்ச புள்ள பேசுத பேச்சா இது?" என்றாள். திட்டும்போதும் அந்தப் 'படிச்ச புள்ள'யில் அவளுக்கு ஒரு அழுத்தம் உண்டு.

அவர்கள் முடிவு பண்ணுவதற்குள் பெத்தம்மாளே மடியில் சுள்ளியோடு அந்த வழியாக வந்துவிட்டாள். பையை வாங்கி, சணலை அவிழ்த்து, வேட்டியின் ஒரு முனையை வெளியே இழுத்தாள். மகனை நிமிர்ந்து பார்த்தாள்.

"விடலியா?"

"விட்டேன். எடுத்துட்டேன்."

"எடுத்துட்டியா? ஆழமோ?"

"ஆமா."

"ஒனக்கு நீச்சல் தெரியாதே."

"தெரியாது. அங்கன ஒருத்தர் இழுத்துப் போட்டாரு."

சுள்ளிக் கட்டு கீழே விழுந்தது. பெத்தம்மாள் அவன் முதுகில் அடித்தாள். கல்யாண வயசுக்கு வந்த பிள்ளையை, ரோட்டில் வைத்து, இரண்டு கையாலும் அடித்தாள். "ஒருத்தரு முத்தத்துல நிக்கது பத்தாதாலே எனக்கு? நீயும் வந்து நிக்கணுமா? ஆருக்குலே நான் சோறு போட? சொல்லுலே, ஆருக்கு?" பாண்டியம்மாள் நடுவில் புகுந்ததில் அவளுக்கும் இரண்டு விழுந்தது.

வீட்டுக்குப் போனதும் பெத்தம்மாள் வேட்டியை உதறிப் பார்த்தாள். முகர்ந்தாள். "ஈரத்தோட சுருட்டி வச்சிருக்கான் பாரு. கரும்புள்ளி விழுந்துட்டா எந்தக் காலத்துல போக?" உப்புக் கிணற்றுத் தண்ணீரை இறைத்து, சவுக்காரம் போட்டு, கல்லில் அடித்துத் துவைத்தாள். ஆற்றில் விட்ட துணி, எடுத்த துணி என்கிற யோசனையே அவளிடம் இருந்ததாகத் தெரியவில்லை. முற்றத்துக் கயிற்றில் விரித்துக் காயப்போட்டாள். கரிசல் காற்றில் வேட்டி உப்பி உப்பி அடங்கியது.

விளக்கேற்றினதும் கம்பஞ்சோற்றை உருண்டை பிடித்து மூன்று வட்டிலில் வைத்தாள். பிள்ளைகள் இருவரும் தின்னாமல் அவள் கையையே பார்த்தார்கள். அவள் வாசலைப் பார்த்தாள். அங்கே வேட்டி ஆடிக்கொண்டிருந்தது. வேறு எதையும் பார்த்தாளா என்று கருத்தையாவுக்குத் தெரியவில்லை.

"என்ன முழிக்கீங்க? தின்னுங்க" என்றாள். முதல் உருண்டையை மோரில் கரைத்துக் குடித்தாள். அப்புறம், "அந்த ஆளு பேரென்ன, இழுத்துப் போட்டவரு?" என்று கேட்டாள்.

"பரமசிவன்."

"நல்லாருக்கட்டும்" என்றாள். கருவாட்டுத் துண்டைத் தொட்டுக்கொண்டு இரண்டாவது உருண்டையை எடுத்தாள். பாண்டியம்மாள் எழுந்து, எதற்கோ போவதுபோல, உள்ளே போய் அழுதுவிட்டு வந்தாள்.

காலையில் கருத்தையா ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது அடுத்த வீட்டு ஆறுமுகத்தாய் வேலிப் படலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தாள். "என்ன மதினி, பாபநாசத்துக் காரியம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது தாயி. எம்புள்ள போயி நல்லபடியா முடிச்சுட்டு வந்துட்டான்" என்றாள் பெத்தம்மாள், குரலில் ஒரு தடங்கலும் இல்லாமல். அவள் தலைக்கு மேலே கயிற்றில் வேட்டி கிடந்தது.

கருத்தையா அக்காவைப் பார்த்தான். "என்ன அக்கா முடிஞ்சுது? வேட்டி அந்தாக் கெடக்கே" என்று மெல்லக் கேட்டான்.

"எனக்கு என்னலே தெரியும்? நீதான பி.எஸ்ஸி. படிக்க" என்றாள் பாண்டியம்மாள். "பஸ்ஸு வருது, ஓடு."