பிரஷர் பார்க்கும் அறை

எங்கள் ஆலோசனை மையம் இன்று பதிவு பெற்ற தொண்டு நிறுவனம். லோகோகூட உண்டு. ஆனால் அது பிழைத்தது ஒரு பிரஷர் மெஷினால்.

நானும் என் தோழியும் சமூகப் பணியில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்த சூட்டோடு எங்கள் மலையூரான சூரியநெல்லிக்குத் திரும்பியிருந்தோம். தேயிலை எஸ்டேட் ஜனங்களின் மனக்கவலையைக் கேட்டே தீருவது என்று முடிவு. சர்ச் வளாகத்தில் சும்மா கிடந்த அறையை ஃபாதர் தந்தார், ஒரு நிபந்தனையோடு.

"மாசக் கடைசிக்குள்ள ஆள் வரலைன்னா சாவியத் தந்துரணும். இளைஞர் சங்கத்துப் பயலுவ கேரம் போர்டு போட எடம் கேக்கானுவ."

அப்போது சர்ச்சில் திருவிழா. உடனே போய் அந்த மைக்கைப் பிடித்தேன். "மனசு சரியில்லாதவங்க எல்லாரும் சர்ச் பக்கத்து ரூமுக்கு வாங்க" என்று தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தேன். பட்டம் வாங்கிய மூளை.

ஒருத்தரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? லயத்தில் ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கஷாயம் கொதிக்கும். எங்கள் வாசலை மிதித்தவருக்கு மண்டைக் கோளாறு என்று சாயங்காலத்துக்குள் ஊரே பேசிவிடும்.

மாதம் முடியப்போகும் ஒரு மத்தியானம், நல்ல மழை. தோழி போரடித்துப்போய், வீட்டிலிருந்து கொண்டுவந்த மெஷினில் தன் பிரஷரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர் மழைக்கு ஒதுங்கினார்.

"ஏ பிள்ள, எனக்கும் பாப்பியா?"

"கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்கக்கா. நடந்து வந்த ஒடனே பாத்தா கூடுதலா காட்டும்."

சும்மா உட்கார யாரால் முடியும்? முதலில் மழையைத் திட்டினார். பிறகு மாமியாரை. பிறகு குரல் இறங்கியது. மழை விட்டதுகூடத் தெரியாமல் பேசினார்.

போகும்போது, "நாளைக்கு நாத்தனாளையும் கூட்டியாரேன். பிரஷர் பாக்கப் போனோம்னா யாரு என்ன சொல்லுவா?" என்றார்.

"லூசு, மொதல்ல வாசல் போர்ட மாத்து" என்றாள் தோழி என்னிடம்.

'இலவசமாகப் பிரஷர் பார்க்கப்படும்' என்று எழுதி மாட்டினேன். மறுநாளிலிருந்து பெஞ்சு போதவில்லை.

மாசக் கடைசியில் ஃபாதர் வந்தார். பின்னால் சங்கத்து ஆட்கள், கேரம் போர்டோடு.

"பிரஷர் பாக்கவா ரூம் தந்தேன்? கவுன்சிலிங்னுல்ல சொன்னிய."

"நீங்களும் உக்காருங்க ஃபாதர்" என்று தோழி கதவைச் சாத்தினாள். நான் வெளியே.

"என்னண்ணே, பிரஷர் பாக்க இம்புட்டு நேரமா?" என்று என்னிடம் கேட்டான் போர்டைச் சுமந்தவன்.

உள்ளே என்ன பேசினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுத மாட்டேன். வெளியே வந்தவர் சாவியைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"கேரம் போர்ட சர்ச் ஹால்ல போடுங்கடே. எனக்குப் பிரஷர் கூடுதலாம். அடுத்த வாரமும் வரச் சொல்லிருக்கு அந்தப் பிள்ள."