கடைசியாக வந்து ஜெயித்த மாப்பிள்ளை

எனக்குப் பெண் பார்த்த தரகர் பொய் சொல்லவில்லை. "பையன் சைக்கிள் ரேஸ்ல மூணு வருசமா ஃபர்ஸ்ட்டுங்க" என்றார், அவ்வளவுதான். அது ஸ்லோ சைக்கிள் ரேஸ் என்பதை மட்டும் முழுங்கிவிட்டார். மைசூரில் எங்கள் தொழிற்சாலையில் வருடா வருடம் ஆயுத பூஜைக்கு நடத்துவார்கள். காலைத் தரையில் ஊன்றக் கூடாது. கோட்டைக் கடைசியாகத் தொடுகிறவனுக்குத்தான் பரிசு. கூட வேலை செய்பவர்கள் "நிதானா, நிதானா!" என்று கன்னடத்தில் கத்திக் கத்தியே என்னை மூன்று முறை ஜெயிக்க வைத்தார்கள்.

மாமனாரோ கொள்ளேகால் பக்கம் கௌதள்ளி கிராமத்தில் விவசாயி. வேகமென்றால் அவருக்கு உயிர். சோம்பல் நடை நடக்கிற மாட்டைப் பார்த்தாலே கோபம் வந்துவிடும். "எங்க மாப்ள ஓட்டுனா சைக்கிள் பறக்குமாம்" என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். கல்யாணமான வாரமே மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "எங்கப்பாகிட்ட நீங்களே சொல்லிக்குங்க" என்று அவள் கழன்றுகொண்டாள். அவர் முகம் வாடுமே என்று ஒரு வருடம் தள்ளிப்போட்டேன். மெதுவாகப் போவதில் நான் ஜாம்பவான் அல்லவா!

அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சமயம் டிவியில் ஒலிம்பிக். சாயங்காலம் சைக்கிள் ரேஸ் என்றதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"வாங்க மாப்ள, உங்க சங்கதி ஓடுது."

ஓரமெல்லாம் குண்டான் மாதிரி சரிந்த மரப்பாதை. இரண்டே பேர். விசில் ஊதியதும் மாமனார் மூச்சைப் பிடித்துக்கொண்டார். முன்னால் இருந்தவன் ஊர்ந்தான், திரும்பிப் பார்த்தான், சைக்கிளில் உட்கார்ந்தபடியே அசையாமல் நின்றான். கால் தரையில் படவில்லை. பின்னால் வந்தவனும் நின்றுவிட்டான்.

"டிவி நின்னு போச்சுங்களா?" என்றார் மாமனார்.

எனக்குப் புல்லரித்தது. ஒலிம்பிக்கிலேயே ஸ்லோ சைக்கிள்!

"இதுதாங்க மாமா! நான் ஓட்டறது இதேதான்! காலை ஊனுனா அவுட்டு. கடைசியா வர்றவன்தான் ஜெயிப்பான்."

ஒரு வருடப் பாரம் இறங்கிய சந்தோஷத்தில் எனக்குக் குரலே உயர்ந்துவிட்டது. மாமனார் பயபக்தியோடு தலையாட்டினார். மனைவி தோசைக் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, உங்களுக்கு நல்லாத் தெரியுமா?"

"நீ சும்மா இரு."

அந்த நேரம் பார்த்து முன்னவன் பாய்ந்தான்.

"போச்சு! பொறுமை இல்லாத பய, தோத்தான்!" என்று கத்தினேன். மற்றவனும் தலையைக் குனிந்துகொண்டு துரத்தினான். "இவனுக்கும் புத்தி கெட்டுப்போச்சுங்க மாமா."

முதலில் கோட்டைத் தாண்டியவன் இரண்டு கைகளையும் தூக்கினான். கூட்டம் ஆர்ப்பரித்தது.

மாமனார் என் பக்கம் திரும்பினார். "ஏனுங் மாப்ள, தோத்தவன் எதுக்குக் கையத் தூக்கறான்?"

நான் ரிமோட்டைத் தேடினேன். மனைவிதான் போட்டு உடைத்தாள்.

"அப்பா, அது வேற ரேஸு. மொதல்ல நின்னு நோட்டம் பாத்துட்டு அப்புறம் பாய்வாங்க, முன்னால வர்றவன்தான் ஜெயிப்பான். இவரு ஓட்டறதுல கடைசியா வந்தாத்தான் பரிசு. பாத்ரூம்ல பச்சை பக்கெட்டு இருக்கே, அது அதுல வந்ததுதான்."

அவர் எழுந்து வெளியே போனார். கோபித்துக்கொண்டு கொள்ளேகால் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார் என்றே நினைத்தேன். அவமானத்தில் எனக்கு அழுகை வராத குறை. பின்னாலேயே ஓடிப் பார்த்தால், வாசலில் என் சைக்கிளில் ஏறி அசையாமல் நிற்கப் பார்க்கிறார். மூன்றடி போவதற்குள் கால் தரைக்கு வந்துவிட்டது. மறுபடி ஏறினார். இருட்டும்வரை ஏறுவதும் ஊன்றுவதுமாக இருந்துவிட்டு, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

பொங்கலுக்குக் கௌதள்ளி போனோம். டீக்கடையில் ஒருவர், "சைக்கிள் ரேஸ் மாப்ள இவருதானுங்களா?" என்று கேட்டுவிட்டார். நான் டீ கிளாஸுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஒலிம்பிக் ரேஸ நானே பாத்தனுங்க. அதுல மொதப் பாதியில எங்க மாப்ளய அடிச்சுக்க ஆளே இல்லீங்க."