வெறும் தேத்தண்ணி

இப்போதெல்லாம் என்னைக் காண்கிற பெண்கள் சுகம் விசாரிப்பதில்லை. நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறார்கள். போன மாதம் வவுனியாவில் ஒரு கலியாண வீட்டில், முன்பு என்னோடு படிப்பித்த ஒருத்தி பந்தியில் பக்கத்தில் இருந்துகொண்டு என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள்.

"என்னடி இப்பிடி மெலிஞ்சு போனாய்? கொழுப்பை விட்டனியோ, இல்லாட்டி உந்தக் கலோரி எண்ணுறதோ? எது சரிவந்தது எண்டு சொல்லன்."

"எண்ணினதுதான்" என்று சொல்லிவிட்டு என் வடையை அவளுடைய இலைக்குத் தள்ளினேன். அவள் மேலும் கேட்டாள். எனக்குக் கதைக்கப் பிடிக்கவில்லை. பாயாசம் வருகிறது பார் என்று அவளைத் திசை திருப்பினேன். கேள்வி நியாயமான கேள்விதான். பதில்தான் கலியாண வீட்டில் சொல்லக்கூடியதாக இல்லை.

நான் நெடுங்கேணியில் கணக்குப் படிப்பிக்கிறவள். இருபத்தாறு வருடமாக அதே வேலை. பிழை விடுகிற பிள்ளையிடம் எனக்குப் பொறுமை குறைவு என்று ஊருக்கே தெரியும். செய்கையை எழுதாமல் விடையை மட்டும் எழுதினால் கொப்பியைத் திருப்பி எறிந்துவிடுவேன். தனி ஆள். நான் சமைக்கிற குசினியில் என்னை ஏன் என்று கேட்க ஒருவரும் இல்லை. எனக்கு மிஞ்சியிருக்கிற உடன்பிறப்பு ஒரே ஒரு தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய எங்கள் அப்பாவுக்குக் கிடைத்த குளத்துக் காணியில் அவன்தான் நெல் செய்துகொண்டிருந்தான். மூன்று கட்டை தூரம் தள்ளி அவன் வீடு.

அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. எங்கள் பக்கத்தில் நெல் விதைக்கிற கமக்காரரிடையே இந்த வருத்தம் புதிதல்ல. வாரத்தில் இரண்டு நாள் வவுனியாவுக்குப் போய் இரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்து வருகிறான். ஒரு நாளைக்கு அரை லீற்றர் தண்ணீருக்கு மேல் அவனுக்கு அனுமதியில்லை. காலையில் ஒரு போத்தலை நிரப்பி, மார்க்கர் பேனையால் கோடுகள் போட்டு வைத்திருப்பான். அது முடிந்தால் அன்றைய தண்ணீர் முடிந்தது. வாய்க்காலில் முறை வைத்து ஊருக்கே தண்ணீர் திறந்துவிட்டவன் அவன்.

என் இரத்தம் அவனுக்குப் பொருந்தியது. என் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்கலாம் என்று கொழும்பில் சொன்னார்கள். அந்தச் சந்தோசம் தராசில் ஏறும்வரைதான். எண்பத்து மூன்று கிலோ. டாக்டர் தமிழ் தெரிந்தவர், தன்மையாகத்தான் சொன்னார்.

"பத்துக் கிலோவாவது குறைச்சுக்கொண்டு வாங்கோ அம்மா. இந்த நிறையோடை உங்களிலை கத்தி வைக்கிறது உங்களுக்குத்தான் ஆபத்து."

திரும்பி வரும் பஸ்ஸில் தம்பி சிரித்தான். "உன்ரை கொழுப்பைக் குறைக்க அம்மாவாலையே ஏலாமல் போச்சு. டாக்குத்தர் என்னெண்டு குறைக்கப் போறார்?"

எங்கள் வீட்டில் கொழுப்பு என்றால் என்னுடைய வாய்தான். சின்ன வயதில் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் அம்மாவிடம் அந்தச் சொல்லைக் கேட்டிருப்பேன். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சொல் மண்டைக்குள் இருந்துவிட்டது. குறைக்கவேண்டியது உடம்பிலுள்ள கொழுப்பு, ஆகவே சாப்பாட்டிலுள்ள கொழுப்பை நிறுத்தினால் சரி. சமன்பாட்டின் இரண்டு பக்கமும் ஒன்றை வெட்டுவதுபோல எனக்கு அது அவ்வளவு சுத்தமாகத் தெரிந்தது.

அடுத்த நாளே தேங்காய் துருவுகிற திருவலையைக் கழுவி அலுமாரிக்கு மேல் ஏற்றினேன். தேங்காய்ப்பால் இல்லை. சொதி என்ற பெயரில் மஞ்சள் தண்ணீர் வைத்தேன். கொக்கிளாயிலிருந்து மோட்டார்சைக்கிளில் மீன் கொண்டு வருகிறவரிடம் வாங்கிய மீனைப் பொரிக்காமல் புளியில் அவித்தேன். முட்டை, நல்லெண்ணெய், பொரியல் எல்லாம் போயிற்று. பாலிலும் கொழுப்பு இருக்கிறதே என்று பால்தேத்தண்ணியை விட்டு வெறும் தேத்தண்ணிக்கு மாறினேன். கறியில் ருசியில்லாததால் சோறு ஒரு அகப்பை கூடிற்று. அதற்கென்ன, சோற்றில் கொழுப்பில்லையே. மூன்று மாதம் இப்படிக் கிடந்தேன். எண்பத்து மூன்று, எண்பத்திரண்டரையாயிற்று.

தம்பியோடு கிளினிக்குக்குப் போன ஒரு நாளில், அங்கே சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற பெண்ணிடம் இதைச் சொன்னேன். என்னிடம் படித்திருக்கக்கூடிய வயது.

"கொழுப்பை மட்டும் பாத்தால் காணாது ரீச்சர்" என்றாள். "மொத்தமா என்ன உள்ளை போகுது எண்டதை எண்ணுங்கோ. எண்ணெயிலை கலோரி கூடத்தான், அதை நீங்கள் குறைச்சது நல்லது. ஆனால் அதை விட்டிட்டுச் சோத்தைக் கூட்டினால் கணக்குச் சரிவராது."

எனக்கே கணக்குச் சொல்லித் தருகிறாளே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். அந்தத் திமிருக்கு ஒரு கிழமை போயிற்று. பிறகு, வேறு வழியில்லாமல், ஒற்றை றூள் கொப்பி ஒன்றை எடுத்துக் கோடடித்தேன். சோறு எத்தனை அகப்பை, பருப்பு எத்தனை கரண்டி, பாண் எத்தனை துண்டு, எதற்கு எத்தனை கலோரி, எல்லாம் எழுதினேன். என் எழுத்தில் அந்தக் கொப்பி மிக அழகாக இருந்தது. சோற்றைப் பாதியாக்கினேன். பசித்தபோதெல்லாம் வெறும் தேத்தண்ணி குடித்து அடக்கினேன். இரண்டு மாதம் கழித்துத் தராசு எண்பத்திரண்டு காட்டியது. தராசு பழுது என்று சண்டை பிடித்து வேறொரு தராசில் ஏறினேன். அதுவும் எண்பத்திரண்டுதான்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் தம்பி வீட்டு முற்றத்தில் கதிரை போட்டு இருந்தோம். மச்சாள், அவன் மனைவி, எனக்குத் தேத்தண்ணி கொண்டு வந்து தந்தாள். நான் குடிக்கத் தம்பி அந்தக் கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தான். ஈரமான எதைக் கண்டாலும் அவன் அப்படித்தான் பார்ப்பான், பாவம்.

"அக்கா, உது கொப்பியிலை இருக்கோ?"

"எது?"

"உந்தத் தேத்தண்ணி."

"வெறும் தேத்தண்ணியை என்னத்துக்கடா எழுதுறது?"

அவன் மச்சாளிடம் திரும்பினான். "எத்தினை கரண்டி போட்டனீர்?"

"வழமைபோலத்தான். மச்சாளுக்கு மூண்டு" என்று என்னைக் காட்டினாள்.

தம்பி என் பக்கம் திரும்பினான். பிறகு, எனக்கு நோகாமல் சொல்லவேண்டும் என்று நினைத்தானோ என்னவோ, மெதுவாகக் கேட்டான்.

"வெறுமெண்டால், அந்த மூண்டு கரண்டியும் எங்கை அக்கா போச்சு?"

எங்கள் ஊரில் பால் விடாத தேத்தண்ணிக்குப் பெயர் வெறும் தேத்தண்ணி. சீனி அதில் இருக்கும். பால் இல்லாத குறைக்குச் சேர்த்துக் கூடவே இருக்கும். ஆனால் வெறும் என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் அதற்குள் ஒன்றுமே இல்லை என்றுதான் மனம் எடுத்துக்கொள்கிறது. என் மனம் எடுத்துக்கொண்டது.

"எனக்கு முதல் நாளே நேர்ஸ் சொன்னவா" என்றான் தம்பி. "சோத்துக்கு விடுற சொதியும் தண்ணிதான், மருந்து விழுங்குற மிடறும் தண்ணிதான் எண்டு. நான் அதுகளையும் சேர்த்துத்தான் எண்ணுறனான்."

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு ஒன்பது தேத்தண்ணி. ஒன்றுக்கு மூன்று கரண்டி, இருபத்தேழு. எங்கள் குவித்த கரண்டிக்கு இருபது கலோரிக்குக் குறையாது. ஐந்நூற்று நாற்பது. சோற்றைப் பாதியாக்கி நான் மிச்சம் பிடித்ததெல்லாம் அதற்குள் போயிருந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளை செய்கிற பெருக்கல். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "மூண்டு கரண்டி போடச் சொல்லி உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று மச்சாள்மேல் பாய்ந்தேன். சொன்னது நான்தான், அவள் கலியாணம் முடித்து வந்த அன்றைக்கே. அவள் கிளாசை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதன் பிறகு நிறை இறங்கத் தொடங்கிற்று. சீனியை அடியோடு விட்டேன். திருவலையைத் திரும்ப இறக்கி, இரண்டு கரண்டி தேங்காய்ப்பாலைச் சொதிக்கு விட்டு, அதையும் எழுதினேன். அப்படியும் இறங்கிற்று. எண்ணிக்கைக்குள் வந்த தேங்காய்ப்பால் என்னை ஒன்றும் செய்யவில்லை. எழுதாமல் விட்ட சீனிதான் செய்திருக்கிறது. ஏழு மாதத்தில் எழுபத்திரண்டுக்கு வந்தேன். சட்டைகள் தொளதொளத்தன. பாடசாலையில் எனக்குச் சீனி வருத்தம் வந்துவிட்டதென்று ஒரு கதையும் உலாவிற்று.

ஆனால் அந்த ஏழு மாதத்தில் தம்பியும் இறங்கிக்கொண்டிருந்தான். முதலில் வரம்பில் நடக்க மூச்சு இளைத்தது. பிறகு பஸ் தரிப்பிலிருந்து கிளினிக் வாசலுக்குப் போக இரண்டு இடத்தில் நின்றான். நிற்கிறபோது பக்கத்துக் கடையைப் பார்ப்பதுபோல நடிப்பான். நானும் பார்ப்பேன்.

கொழும்பில் அதே டாக்டர் என்னைத் தராசில் ஏற்றி, "கெட்டிக்காரி" என்றார். என்னுடைய சோதனைகள் எல்லாம் சரி. தம்பியுடையதைத்தான் நெடுநேரம் பார்த்தார். இதயம் மிகவும் பலவீனமாகிவிட்டது, மயக்கம் கொடுத்து இவ்வளவு பெரிய சத்திரசிகிச்சை செய்தால் மேசையிலிருந்து எழும்பமாட்டார் என்றார். இயந்திரத்தைத் தொடர்வதுதான் இனி வழி.

தம்பி வெளியே போனபின் நான் கேட்டேன். "அஞ்சு மாதம் முந்தி வந்திருந்தால், டாக்டர்?"

அவர் கோப்பை மூடினார். "அதை இப்ப ஆராலும் சொல்லேலாது அம்மா" என்றார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம். மூன்று மாதம் கொழுப்பு, இரண்டு மாதம் வெறும் தேத்தண்ணி. கூட்டினால் ஐந்து. இந்தக் கூட்டலில் எனக்குப் பிழை வரவில்லை.

விடிய நெடுங்கேணியில் இறங்கி அவன் வீட்டுக்குப் போனோம். அவன் சேட்டுக் கூடக் கழற்றாமல் முற்றத்துக் கதிரையில் சாய்ந்தான். மூச்சு அடங்கும்வரை இருந்துவிட்டுக் குசினிப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"அக்காவுக்குத் தேத்தண்ணி போடும். சீனி போட்டே குடும், மூண்டு கரண்டி. இனி அவ எண்ணத் தேவையில்லை."

மச்சாள் போட்டுக்கொண்டு வந்தாள். ஏழு மாதத்துக்குப் பிறகு நாக்கில் பட்ட சீனி. முதல் மிடறோடேயே நிறுத்தப் பார்த்தேன். தம்பி பார்த்துக்கொண்டிருந்தபடியால் கடைசிவரை குடித்தேன். நான் கிளாசைக் கீழே வைத்த பிறகு, அவன் தன் போத்தலை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கோட்டைப் பார்த்து, ஒரு மிடறு ஊற்றிக்கொண்டான்.