முன்சீட்டுச் சாமான்

தொண்ணூறுகளில் ஷார்ஜாவில் நான் வழக்கமாக ஏறிய டாக்சியின் ஓட்டுநர் லாகூர்க்காரர். மருதாணித் தாடி. முன்சீட்டில் ஊரிலிருந்து மனைவி கேட்ட சாமான் ஏதாவது எப்போதும் இருக்கும்: டாங் ஜூஸ் பவுடர் டப்பா, ஜார்ஜெட் துணி.

ஒருநாள் கான்சுலேட் போய்வந்து உருதுவில் புலம்பினார்.

“போன்ல தலாக் சொல்லிட்டேன் பாய். முடிஞ்சுபோச்சுங்கிறார் இமாம். கான்சுலேட்லயோ, ஊருக்கு நோட்டீஸ் போய் மூணு மாசம் ஆகணும், அதுவரைக்கும் அவ உன் பொண்டாட்டிதான்ங்கிறாங்க. நான் எதை நம்புறது?”

“கோபத்துல சொன்னதுதானே? அதுக்குள்ள சேர்ந்துக்குங்க பாய்” என்றேன்.

“கோபமா? அவதான் தலாக் கேட்டா. அவ கேட்டு எதையும் இல்லேன்னு சொல்லிப் பழக்கமில்ல பாய்.”

அன்றும் முன்சீட்டில் ஒரு துணிப் பொட்டலம் இருந்தது. தலாக்குக்கு முன்னால் வாங்கியதா, பின்னால் வாங்கியதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.