டீச்சர் வீட்டுக் கிட்டாரின் விலை

என் மாமாவுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் ஹவாயன் கிட்டார். மடியில் படுக்கவைத்து, கம்பிமேல் எஃகுக் கட்டையைத் தேய்த்து வாசிப்பது. ஸ்ரீவராகத்து வீட்டில் மூன்று பழைய கிட்டார்கள் அவர் கட்டிலுக்கடியில் உறையோடு தூங்கின. எனக்குத் தொட அனுமதியில்லை.

அவர் உயிரோ நாலாவதன்மேல். அது விழிஞ்ஞம் போகும் வழியில், ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வீட்டில் இருந்தது; இறந்துபோன கணவர் சர்ச்சில் வாசித்தது. கழுத்துகூட உள்ளே கூடாகக் குடையப்பட்டது, ஒரு திருகும் மாற்றப்படாதது, இன்னொன்று கிடைக்காது என்பார் மாமா. விற்கப்போகிறேன், மதிப்புப் போடுங்கள் என்று டீச்சர் அவ்வப்போது சொல்லியனுப்புவார். மாமா என்னையும் கூட்டிக்கொண்டு போய், கிட்டாரின் முதுகைத் தட்டி, துளைக்குள் டார்ச் அடித்து, வாசித்துப் பார்க்காமல் விலை சொல்ல முடியாது என்பார். டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்து முழுப் பாட்டையும் கேட்பார். பிறகு, மகனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்பார். நாங்கள் வெறுங்கையோடு பஸ் ஏறுவோம்.

அந்தத் தடவை துபாயிலிருந்து மகனே லீவில் வந்திருந்தான். வீட்டில் அடைசல் தாங்கவில்லை, இன்றே எடுத்துக்கொண்டு போங்கள் என்றான். மாமா சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பெரியவர்கள் டீ குடிக்க உள்ளே போனதும் கிட்டாரை மடியில் வைத்து ஒரு கம்பியை அழுத்தினேன். அது கழுத்துப் பலகையைத் தொடவில்லை. பள்ளிக்கூடத்து கிட்டாரில் கம்பி பலகையோடு ஒட்டிக் கிடக்கும். இதிலோ கீழே ஒரு பல்லி தாராளமாகப் போகலாம். கழுத்தை வளைத்துவிட்டேன். இனி பூஜப்புரை ஜெயில்தான். கம்பிகளை முழங்காலால் அமுக்கிப் பார்த்தேன். பத்மநாபசாமியையும், பாதுகாப்புக்கு, சுவரிலிருந்த ஏசுவையும் கும்பிட்டேன்.

மாமா வந்து வாசித்தார். ஒரு பிசிறில்லை. அதிசயம் நெடுநேரம் நிற்காது என்று எனக்குத் தெரியும். அவர் பணத்தை வெளியே எடுக்க, என் வாய் தானாகத் திறந்தது.

"மாமா, வாண்டாம். நான் அதை ஒடிச்சுட்டேன்."

மாமா கிட்டாரைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டாரைக் கண்ணோரம் தூக்கி, ஒற்றைக்கண்ணால் நீளவாக்கில் நோக்கினார் மாமா.

"பையன் சொல்றது சரிதான். கழுத்து வளைஞ்சிருக்கு. இதை எவனும் வாங்கமாட்டான்."

"அப்போ பின்னே அங்க தன்னே கெடக்கட்டும், அம்மா" என்று மகன் எழுந்து போனான்.

"சாரமில்ல, சார், போகட்டும்" என்றார் டீச்சர். "இனியும் வரணும். வாசிச்சுப் பாருங்க, நிமிருதான்னு."

பஸ்ஸில் கிழக்கே கோட்டை வரை அழுதேன். இறங்கியதும் மாமா பழம்பொரி வாங்கித் தந்தார்.

"நீ ஒண்ணும் ஒடிக்கலடா. இந்த கிட்டார்ல கம்பி அப்படித்தான் தூக்கி நிக்கும்."

என்னைத் தேற்றச் சொல்லும் பொய் என்று நினைத்தேன். டீச்சர் எதிரில் மாமா சொன்னதுதானே உண்மை!

அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் நான் போகவேயில்லை. மாமா மட்டும், மகன் லீவு முடிந்து போனபின், புதுக் கம்பி வாங்கிக்கொண்டு மாதாமாதம் போனார். நான் செய்த சேதத்தைச் சரிசெய்யத்தான் பாவம் மனிதர் அலைகிறார் என்று, அவர் கிளம்பும் நாளெல்லாம் செருப்பைத் துடைத்து வாசலில் எடுத்து வைத்தேன்.