சந்தை நாளில் பார்த்த ஊர்

தமிழர் நிறைந்த லண்டன் நோர்பரியை விட்டு, தொலைவில் ஒரு சிறு நகரத்தில் வீடு வாங்க, மனைவியிடம் பொய் சொன்னேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது.

"அங்க எங்கட ஆக்கள் இருக்கினமோ?" என்று கேட்டாள்.

"ஓம், கனபேர்."

வீடு பார்க்கப் போன அன்று வாரச் சந்தை; நான் கண்டது அங்கே கடை போட்டிருந்த நம்மவர்களை மட்டும். லண்டன் சவுத்தாலிலிருந்து வேனில் வந்து மாலையில் திரும்புபவர்கள் என்று தெரிந்தும் மறைத்தேன்.

குடிபோன பின், வாரம் முழுவதும் பேச ஆளில்லாமல் சந்தைக்காகக் காத்திருந்தாள். வெண்டிக்காயோடு வந்து, "உங்கட கனபேர் வேனில ஏறிப் போட்டினம்" என்பாள். அந்தக் கேலி இன்னும் காதில் இருக்கிறது.

பக்கத்து வீட்டைப் பார்க்க ஒரு இளம் தமிழ்த் தம்பதியர் சந்தை நாளில் வந்தார்கள். என் மனைவி ஆசையோடு தேநீர் கொடுத்தாள். நானோ, "சந்தை இல்லாத நாளில, பள்ளிக்கூடம் விடுற நேரம் வந்து எங்கட பிள்ளையள் எத்தினை பேரெண்டு பாருங்கோ, தம்பி" என்றேன். வந்து பார்த்தார்கள், வாங்கவில்லை.

"அந்தப் பொம்பிளைப் பிள்ளைக்கெண்டாலும் உண்மை சொன்னியள்" என்றாள் மனைவி.

அந்த வாரமே எங்கள் வீட்டை விற்பனைக்குப் போட்டேன். இப்போது மறுபடியும் நோர்பரியில் இருக்கிறோம்; கடைக்குப் போனால் அவள் திரும்ப வெகுநேரமாகும். நான் ஏனென்று கேட்பதில்லை.