மூட்டைக்காரனுக்காக ஒரு மீசை

வீடியோ டேப்பில் இருக்கும் மல்யுத்தச் சண்டை, அந்த டேப்பைப் பெட்டிக்குள் தள்ளும்போதுதான் தொடங்குகிறது என்று நான் நம்பியிருந்தேன். சிரிக்காதீர்கள். நான் படிக்காதவன் இல்லை. யாராவது நிறுத்திக் கேட்டிருந்தால், எங்கோ அமெரிக்காவில் எப்போதோ நடந்து முடிந்ததைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள் என்று ஒழுங்காகப் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் பதில் சொல்கிற மூளையும் பயப்படுகிற மூளையும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லையே. இல்லாவிட்டால் டேப் ஈப்போவில் லாரி ஏறிவிட்டது என்று கேள்விப்பட்ட அன்றே ஓடிப்போய் எஸ்டேட் மாரியம்மன் கோவிலில் தேங்காய் உடைத்திருப்பேனா? சண்டை இன்னும் நடக்கவில்லை, இப்போதே சொல்லிவைத்தால் ஆத்தா பார்த்துக்கொள்வாள் என்று கணக்கு.

இதெல்லாம் நினைவுக்கு வரக் காரணம் ஒரு பிளாஸ்டிக் பெல்ட். போன வாரம் எங்கள் மலையில் கியா பார்ம் கடைகளில் ஸ்ட்ராபெர்ரி வடிவத் தலையணைகளுக்கு நடுவே அது தொங்கியது. தங்க நிறம், நடுவில் கழுகு, குழந்தைகள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் சாம்பியன் பெல்ட். கடைக்காரப் பெண், "பேரனுக்கா அங்கிள்?" என்றாள். என் கை தானாக மேலே போய், மீசை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது.

பெல்ட்டைப் பற்றி எனக்கு அன்றும் இன்றும் ஒரே கருத்துதான். பாடுபடுகிறவன் இடுப்பில் அது இருக்க வேண்டும். ஆனால் எண்பதுகளில் நாங்கள் பார்த்த டேப்புகளில் அது எப்போதும் எண்ணெய்த்தலை என்பவன் இடுப்பில்தான் இருந்தது. நிஜப் பெயர் யாருக்குத் தெரியும்? அறிவிப்பாளர் கத்துவது எங்கள் காதுக்கு எட்டும்போது வெறும் இரைச்சலாக இருக்கும். அரை போத்தல் எண்ணெயைக் கொட்டிப் படிய வாரியது போன்ற தலை, ஆகவே எண்ணெய்த்தலை. அவனுக்குக் கோட்டுப் போட்ட ஒரு மேனேஜர், கையில் பிரம்பு. ரெப்ரி திரும்பி நிற்கும் நேரம் பார்த்து மேனேஜர் பிரம்பால் ஒன்று வைப்பான், எண்ணெய்த்தலை மேலே விழுந்து படுத்துக்கொள்வான், முடிந்தது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் எங்கள் பெரிய கிராணிக்கும் இதே போல் ஒரு பிரம்பு இருந்தது என்பதால் அந்த மேனேஜரை நாங்கள் இரண்டு மடங்கு வெறுத்தோம்.

நான் கட்டிக்கொண்டு அழுதது மூட்டைக்காரனை. கறுப்புக் கால்சட்டை, மினுக்கு இல்லை, வசனம் இல்லை. சனங்கள் உட்கார்ந்து முடிப்பதற்குள் வரும் முதல் சண்டையில் அவனைத் தள்ளிவிடுவார்கள். எதிராளியைக் கொழுந்து மூட்டை தூக்குவது போல் ஒரே மூச்சில் தோளுக்கு ஏற்றுவான். ஏற்றிவிட்டு, எங்கே இறக்கலாம் என்று இடம் பார்ப்பான். மற்றவர்கள் எறிவார்கள். இவன் வைப்பான். வைப்பதற்குள் பின்னாலிருந்து எவனாவது உதைத்துவிடுவான். டேப்புக்கு டேப் இதே கதை. இருபது பேரை மொத்தமாக உள்ளே விட்டு அடித்துக்கொள்ளச் சொல்லும் பெரிய சண்டையில்கூட ஒரு மூலையில் மறந்து வைத்த சாக்குப் போல நிற்பான். இப்பேர்ப்பட்ட ஆளைப் பயன்படுத்தத் தெரியவில்லையே என்று எனக்குச் சோறு இறங்காது. நான் வேலை பார்த்த தேயிலைப் பேக்டரி மட்டும் உழைக்கிறவனை உடனே மேலே தூக்கிவிடுமா என்று கேட்காதீர்கள். அது வேறு வயிற்றெரிச்சல்.

பார்க்கும் இடம், கம்போங் ராஜாவில் காதர் நாநாவின் சாப்பாட்டுக் கடைப் பின்னறை. வறுத்த மீ நூடுல்ஸின் வாசம், நனைந்த கம்பளிச் சட்டைகளின் வாசம், இரண்டுக்கும் மேலே சாம்பிராணி. ஈப்போவுக்குக் குறுக்கே இறங்கும் சிம்பாங் பூலாய் சாலையெல்லாம் அப்போது கிடையாது. மரக்கறி லாரி தாப்பா வழியாக இறங்கி, ஈப்போ போய், திரும்பும்போது சீட்டுக்கு அடியில் சாரத்தில் சுற்றிய டேப்போடு வரும். ஆனால் வந்த உடனே போட முடியாது. எங்கள் மலை ஈரத்தில் டேப்புக்குப் பூஞ்சணம் பிடித்துவிடும். அப்படியே போட்டால் மல்லர்கள் எல்லாரும் மழையில் சண்டை போடுவார்கள். அதனால் நாநா அதை எங்கள் தேயிலைப் பேக்டரிக்கு அனுப்பிவிடுவார். பாய்லரில் விறகு தள்ளும் ராஜமாணிக்கம் அண்ணன் அதைத் துணியில் சுற்றி, அனல் படாமல் கதகதப்பு மட்டும் படும்படி ஒரு பலகையில் ஒரு நாள் காயவைத்துக் கொடுப்பார். நான் அதே பேக்டரியில் மேல்மாடியில் இலை வாட்டும் வேலையில் இருந்தேன்.

ராஜமாணிக்கம் அண்ணன் எண்ணெய்த்தலைக் கட்சி. "ஜெயிக்கிறவன் பக்கம் நின்னா வேல சுளுவுலா தம்பி" என்பார். அவருக்கு அப்போதுதான் மீசை மறுபடி வளர்ந்து அழகாக வந்திருந்தது. முந்தின வருடம் அவருடைய அப்பா இறந்தபோது எடுத்தது.

நாநா கடையில் சாம்பியன் பட்டத்துச் சட்டதிட்டங்களுக்கு வாத்தியார் நான்தான். தட்டில் இருக்கும் ரொட்டி சானாயைத்தான் மேடையாக வைத்துக்கொள்வேன். "இங்க பாருங்க. ஒருத்தன் ரிங்க விட்டு வெளிய போயிட்டான், ரெப்ரி எண்ணி முடிக்கிறதுக்குள்ள வரல. தோத்துட்டான். ஆனா பெல்ட்டு போவாது! பெல்ட்டு போவணும்னா ரெண்டு தோளும் தரையில அமுங்கணும், இல்ல வலி தாங்காம விட்டுடுறேன்னு அவனே சொல்லணும்." இதை மாதக்கணக்கில் சொல்லிச் சொல்லி, கறிவேப்பிலை விற்க வருகிறவருக்குக்கூட மனப்பாடம் ஆக்கிவைத்திருந்தேன். என் வாயே எனக்கு எமன்.

ஒரு நாள் லாரிக்காரர் சேதி கொண்டுவந்தார். அடுத்த டேப்பில் எண்ணெய்த்தலையோடு பெல்ட்டுக்கு மோதுவது மூட்டைக்காரனாம். ஈப்போ டேப்புக் கடைச் சுவரில் போட்டோவே ஒட்டியிருக்கிறதாம். பேக்டரித் தேநீர் நேரத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"மூட்டக்காரன் மட்டும் பெல்ட்ட வாங்கல, என் மீசைய எடுத்துடுறேன்!"

ராஜமாணிக்கம் அண்ணன் கோப்பையைக் கீழே வைத்தார். "யோசிச்சுப் பேசுடா."

"யோசிச்சாச்சு!"

"சரி. எண்ணெத்தலகிட்டேருந்து பெல்ட்டு போச்சுன்னா எம்மீச."

யோசிக்கவில்லை என்பது மாடிப்படி ஏறும்போதே தெரிந்துவிட்டது. எங்கள் சனத்தில் மீசை வைத்திருந்தவன் திடீரென்று மொழுமொழுவென்று வந்து நின்றால் ஒரே அர்த்தம்தான்: வீட்டில் அப்பனையோ ஆத்தாளையோ அனுப்பிவைத்துவிட்டு வருகிறான். டேப் போடுவது சனிக்கிழமை மத்தியானம். அதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, கோலா தெர்லாவில் எனக்குப் பெண் பார்க்கப் போவதாக நாள் குறித்திருந்தார்கள்.

அப்பாவுக்குச் சேதி சாயங்காலமே போய்விட்டது. கவாத்துக் கத்தியைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "ஏன்டா, நான் இன்னும் சோறு தின்னுக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"மூட்டக்காரன் ஜெயிச்சுடுவான்பா."

"அவன் ஜெயிச்சாத்தான் நான் உசுரோட இருக்கணுமா?"

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் பட்ட பாட்டை எழுதினால் கண்ணியம் போய்விடும். கண்ணாடி முன் நின்று மீசையை விரலால் மறைத்துப் பார்த்தேன். அவித்து உரித்த முட்டை ஒன்று என்னைப் பார்த்தது. தேயிலைத் தூளைச் சோற்றுப் பசையில் குழைத்து ஒட்டினால் தப்பிக்கலாமா என்று தனியாக ஒரு பரிசோதனை. தும்மலில் முடிந்தது. டேப் பாய்லர் பலகைக்கு வந்ததும் இன்னொரு பயம் பிடித்தது. எதிர்க்கட்சிக்காரர் கையில் அல்லவா இருக்கிறது! சும்மா வருவது போல் இறங்கி இறங்கிப் போய்ப் பார்த்தேன்.

"அண்ணே, அத அந்தப் பக்கமா திருப்பி வைக்காதீங்க."

"ஏன்டா?"

"மூட்டக்காரனுக்குச் சூடு ஆவாது."

அவர் டேப்பை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டார். "ஆமாடா, இப்பவே வேர்க்குதாம் அவனுக்கு." பாய்லர் அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சனிக்கிழமை பனி இறங்கி, மத்தியானமே விளக்குப் போட்டிருந்தார்கள். பின்னறையில் கால் வைக்க இடமில்லை. நாநா டேப்பைக் கையில் எடுத்த நேரத்தில், பூட்ஸ் முழுக்கச் சேற்றோடு ஒருவர் உள்ளே வந்தார். "நாநா, ஒரு டீ. கோபிசு இறக்கியாச்சு. சண்டையா போடுறீங்க?" என்று எனக்கு எதிரில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். கோலா தெர்லா சின்னசாமி. முட்டைக்கோசு போடுகிற சொந்தக் காட்டுக்காரர். நாளைக்கு நான் பார்க்கப்போகிற பெண்ணின் அப்பா.

என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். தோற்று மீசையை எடுத்தால், பெண் பார்க்கப் போகிற வீட்டில் சாவுக் கோலம். எடுக்க மாட்டேன் என்றால், சொன்ன வாக்கில் நிற்காதவன். இரண்டில் எதுவானாலும் அவர் கண் முன்னாலேயே நடக்கும். அவரோ திரையைப் பார்க்கவில்லை. தேநீரை ஊதிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

சண்டை தொடங்கியது. மேனேஜர் பிரம்பு ஓங்கினான், மூட்டைக்காரன் ஒதுங்கினான், அடி எண்ணெய்த்தலை மேலேயே விழுந்தது. அறை எழுந்து நின்றது. மூட்டைக்காரன் அவனை அப்படியே அள்ளித் தோளுக்கு ஏற்றினான். "அடிச்சுப் போடு! போடு!" என்று யாரோ கத்தினார்கள். அது நான்தான் என்று பிற்பாடு சொன்னார்கள். மூட்டைக்காரன் இடம் பார்த்தான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு கயிற்றோரம் போய், எண்ணெய்த்தலையை ரிங்குக்கு வெளியே பத்திரமாக இறக்கி வைத்தான்.

வைத்தான்!

ரெப்ரி எண்ணத் தொடங்கினான். எண்ணெய்த்தலை எழுந்து, மேனேஜர் தோளைப் பிடித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் நடந்து போனான். எண்ணி முடித்து ரெப்ரி மூட்டைக்காரன் கையை உயர்த்தினான். திரையில் கூட்டம் ஆர்ப்பரித்தது. பெல்ட்டை எடுத்து, போகிறவன் பின்னாலேயே ஓடிக் கொடுத்தார்கள்.

பின்னறையில் ஒரு கைதட்டல் இல்லை. கறிவேப்பிலைக்காரர்கூடத் தரையைப் பார்த்தார். சட்டத்தை அத்தனை பேருக்கும் ஊட்டி வளர்த்தவன் நானல்லவா.

"யாரு ஜெயிச்சது?" என்றார் சின்னசாமி.

நான் வாயைத் திறந்தேன். ராஜமாணிக்கம் அண்ணன் சின்னசாமியைப் பார்த்தார். பிறகு என் மேலுதட்டைப் பார்த்தார். எழுந்தார்.

"மூட்டக்காரன்தான். கையத் தூக்கிக் காட்டுனான்ல."

"பெல்ட்டு?" என்று இழுத்தார் லாரிக்காரர்.

"பெல்ட்டென்னலா பெல்ட்டு. நீ ரெப்ரியா?" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். பக்கத்துக் கடையே முடிவெட்டுகிற கடை. என் தேநீரில் ஆடை படர்வதற்குள் திரும்பி வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். மூக்குக்குக் கீழே வெள்ளையாக இருந்தது. என் காதருகே குனிந்து, "எங்கப்பாதான் போயாச்சே. என்னைய யாரு கேக்கப் போறா?" என்றார். "நாநா, அடுத்த சண்டையப் போடுங்க."

மறுநாள் மீசையோடும் அப்பாவோடும் கோலா தெர்லா போனேன். பெண் என்னை ஒரு முறைதான் நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. கிளம்பும்போது சின்னசாமி லாரி வரைக்கும் கூட வந்தார்.

"நீங்க ரொட்டிய வச்சு ரூலு சொல்லிக் குடுத்தீங்கல்ல, அன்னைக்கு நான் பின்னால உக்காந்திருந்தேன் மாப்ள" என்றார். "அந்த பாய்லர்காரரக் கல்யாணத்துல முன்னுக்கு உக்கார வைங்க."

முன்வரிசையில்தான் உட்காரவைத்தோம். கல்யாணப் படத்தைப் பார்க்கிற புது ஆட்கள் இன்றும் அவரைக் காட்டி, யார் வீட்டில் துக்கம் என்று கேட்கிறார்கள். நாநா கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசி விற்கிறார்கள். டேப்பும் இல்லை, அதைக் காயவைத்துக் கொடுத்த விறகு பாய்லரும் இல்லை. லாரிகள் தாப்பாவுக்கு இறங்காமல் புதுச் சாலையில் போகின்றன. ராஜமாணிக்கம் அண்ணன் வேலை தேடி ஜொகூர் பக்கம் போனார். இரண்டு பொங்கலுக்கு வாழ்த்து அட்டை வந்தது. பிறகு அதுவும் இல்லை.

என் மகன் அந்தச் சண்டையைக் கைபேசியில் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தான். நான் தேங்காய் உடைத்ததற்கு மூன்று வருடம் முன்னாலேயே அது நடந்து முடிந்திருந்தது. மூட்டைக்காரனுக்குக் கடைசி வரைக்கும் பெல்ட் கிடைக்கவில்லை. அன்றைக்கு நான் தோற்றேன். மீசையை எடுத்தது ராஜமாணிக்கம் அண்ணன்.